சட்டம் வந்தது, விதி வரவில்லை

பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருத்திக்கு மருத்துவச் சட்டங்களில் என்ன வேலை என்று வகுப்பில் சிலர் கேட்கலாம். பற்று, வரவு, வராக்கடன் என்று இருந்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கொஞ்ச நாளாக இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இதில் பாதிக்கு மேல் நம்முடைய பாடம்தான் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது, எத்தனை நாளில் கட்டுவது, கட்டாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதாமல் எத்தனை சட்டம் போட்டாலும் பயன் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ராஜஸ்தானில் நடந்தது

நம் அரசியல் சாசனத்தில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது இதில் சட்டம் போடும் முதல் பொறுப்பு மாநில அரசுகளுக்குத்தான். அந்த வகையில் இந்தியாவிலேயே முதல்முறையாக ஒரு மாநிலம் மருத்துவ வசதியைக் குடிமக்களின் சட்ட உரிமையாக அறிவித்தது 2023ல். மாநிலம் ராஜஸ்தான். 2022 செப்டம்பரில் மசோதா வந்தது, எதிர்ப்பு கிளம்பியதால் தேர்வுக் குழுவுக்குப் போனது, திரும்பி வந்து 2023 மார்ச் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் பல உரிமைகள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது அவசர சிகிச்சை. விபத்தில் அடிபட்டோ, பாம்பு கடித்தோ ஒருவர் வந்தால் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் வரட்டும், காகிதம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிறகு அந்த நோயாளியால் பணம் கட்ட முடியாவிட்டால் அரசு கட்டும். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவை 25,000 வரை.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் தனியார் மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். சுமார் இரண்டு வாரம் தனியார் மருத்துவமனைகள் வேலைநிறுத்தம் செய்தன. ஜெய்ப்பூர் தெருக்களில் ஊர்வலம் நடந்தது. ஒரு நாள் அரசு மருத்துவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஏப்ரல் 4 அன்று சமரசம். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடம் சலுகையில் நிலமோ கட்டடமோ வாங்காத தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு. சாதாரண ஊரில் விபத்து நடந்தால் முதலில் நம் கண்ணில் படுவது எந்த ஆஸ்பத்திரி? பெரும்பாலும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிதான். அது வெளியே போய்விட்டது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது, சட்டம் ஆனது. ஆனால் அந்த வருடக் கடைசியில் தேர்தல் வரும்வரை சட்டத்துக்கான விதிகள் வெளியாகவில்லை. டிசம்பரில் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கும் அந்த அவசரம் இல்லை. முந்தைய அரசின் சட்டம்தானே!

சட்டம் வேறு, விதி வேறு

பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை என்பதால் ஒரு வார்த்தை. சட்டமன்றம் நிறைவேற்றுவது சட்டம். அது "இன்னது செய்யப்பட வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லும். எந்தப் படிவம், எந்த அதிகாரி, எவ்வளவு தொகை, எத்தனை நாள் என்பதையெல்லாம் பிறகு அரசு விதிகளாக எழுதி அரசிதழில் வெளியிடும். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இடத்துக்கு இடம் "விதிகளில் வகுக்கப்படும் முறையில்" என்று வரும். ராஜஸ்தான் சட்டத்திலும் அரசு மருத்துவமனைக்குப் பணத்தைத் திருப்பித் தருவது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தருவோம். எப்படி? அது விதியில் வரும். விதி எங்கே? வரவில்லை.

நம் பாஷையில் சொன்னால் இது கையெழுத்துப் போட்டு, தேதியும் தொகையும் எழுதாமல் கொடுத்த காசோலை. அழகான கையெழுத்து, நல்ல காகிதம். வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு பைசா வராது. இதில் வேடிக்கை என்னவென்றால் நீங்களும் நானும் கொடுக்கும் காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138ல் வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அரசு கொடுத்த உரிமை திரும்பி வந்தால் எந்தப் பிரிவில் போடுவது?

தமிழில் "விதி" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். விதி எழுதாத சட்டம் இருக்கும் ஊரில், அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்து "எல்லாம் அவன் விதி" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

நாம் மட்டும் ஒழுங்கா?

ராஜஸ்தானைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. நம் ஊர்க் கதையைக் கேளுங்கள்.

பொது சுகாதாரத்துக்காக 1939லேயே தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம். நாட்டிலேயே முதல் சட்டம் அது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதே தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1997ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான விதிகள் எப்போது வந்தன தெரியுமா? 2018ல். இருபத்தோரு வருடம்! அந்தச் சட்டம் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. விதி வந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தேன். நடுவில் திமுக ஆண்டது, அதிமுக ஆண்டது, மறுபடி மறுபடி மாறி மாறி ஆண்டார்கள். எந்தக் கட்சியைக் குறை சொல்வது? இந்த விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கொள்கை.

மத்திய அரசும் இளைத்தது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் ஒரு திருத்தம் வந்தது. விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் காசில்லாமல் சிகிச்சை கிடைக்க மத்திய அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. திட்டம் மட்டும் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அந்தக் கெடுவும் தாண்டியது, நீதிமன்றம் கோபப்பட்டது, 2025 மே மாதத்தில்தான் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாள் வரை. முதல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற எழுதிய சட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆனது.

"நமக்குத்தான் திட்டம் இருக்கிறதே"

இப்படிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "தமிழ்நாட்டுக்கு எதுக்கு சட்டம்? நம்மகிட்டதான் எல்லாத்துக்கும் திட்டம் இருக்கே."

இருக்கிறது. மறுக்கவில்லை. நல்ல திட்டங்கள்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டிய பாட்டிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே வருடம் டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48". சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி, காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. 201 அரசு மருத்துவமனைகள், 408 தனியார் மருத்துவமனைகள். ராஜஸ்தான் சட்டத்தில் எழுதி வைத்ததை நாம் சட்டம் இல்லாமலே ஓரளவு செய்து காட்டினோம் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

முதல் பிரச்சினை, திட்டம் என்பது ஓர் அரசாணை. இன்றைக்குப் போட்ட கையெழுத்தை நாளைக்கு இன்னொரு கையெழுத்து எடுத்துவிடும். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011ல் ஆட்சி மாறியதும் அது போய், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018ல் அதோடு மத்திய அரசின் திட்டம் இணைந்தது. 2021ல் ஆட்சி மாறியபோது அந்தப் பெயரும் திட்டமும் தொடர்ந்தன. அதற்குப் பாராட்டு. ஆனால் 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகளைப் பாருங்கள். 2,000 கிளினிக் என்று அறிவிப்பு வந்தது. 2022 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டன. அது தற்காலிக ஏற்பாடுதான் என்று அரசு காரணம் சொன்னது. இருக்கலாம். நான் கேட்பது, பக்கத்துத் தெருவில் திறந்த கிளினிக் தற்காலிகமா நிரந்தரமா என்று அங்கே போய் மருந்து வாங்கியவருக்கு யார் சொன்னார்கள்? ராஜஸ்தானிலும் இதே கதைதான். 2021ல் வந்த சிரஞ்சீவி காப்பீட்டுத் திட்டம் 2024ல் வேறு பெயருக்கு மாறியது.

இரண்டாவது பிரச்சினை, பட்டியல். இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

2024ல் என் பெரியப்பா பைக்கில் வரும்போது ஒரு வேன் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனது, கண்ணுக்குத் தெரிந்த முதல் தனியார் ஆஸ்பத்திரிக்கு. நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்ட்ரெச்சரில்தான் இருந்தார். கவுன்டரில் ஐம்பதாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். நான் பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி, "அக்கா, 48 மணி நேரம் ஃப்ரீன்னு திட்டம் இருக்குதுங்களே" என்றேன். அந்த அக்கா கோபப்படவில்லை. "இருக்குது கண்ணு, ஆனா எங்க ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல இல்லை. ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு பைசா செலவு இல்லை" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்து அரசு மருத்துவமனை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கே நன்றாகவே பார்த்தார்கள், அறுவை சிகிச்சையும் இலவசம். பெரியப்பா இப்போது நடக்கிறார்.

அந்தக் கவுன்டர் அக்கா மேல் எனக்கு வருத்தமே இல்லை. அந்த நாற்காலியில் நாளைக்கு நான் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வேன். வசூல் ஆகாத பில்லுக்கு மாதக் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். என் கேள்வி வேறு. அடிபட்டு மயங்கிக் கிடப்பவர் எந்த ஆஸ்பத்திரி லிஸ்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டா விழ முடியும்?

மூன்றாவது, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். திட்டத்தில் நமக்குப் பெயர் "பயனாளி". விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, அட்டை கொடுத்து, படம் எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் நம்மால் செய்ய முடிந்தது ஒரு மனு எழுதுவது. சட்டத்தில் நாம் உரிமை உள்ளவர்கள். கிடைக்காவிட்டால் காரணம் கேட்கலாம்.

டாக்டர்கள் கேட்பதும் நியாயம்தான்

ராஜஸ்தான் வேலைநிறுத்தத்தின்போது மருத்துவர்களைத் திட்டித் தீர்த்தவர்கள் நிறைய. மனிதாபிமானம் இல்லை, பணப்பேய்கள் என்றெல்லாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோயாளிகளைத் தவிக்கவிட்டது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி தவறானது இல்லை. எது அவசரம், யார் முடிவு செய்வது, பணம் எப்போது வரும்? சட்டத்தில் பதில் இல்லை, விதியில் வரும் என்றார்கள்.

இருபது படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நர்ஸ் சம்பளம், கரண்ட் பில், ஆக்சிஜன், வங்கித் தவணை எல்லாம் மாதாமாதம் ரொக்கமாகப் போகும். வர வேண்டியது அரசிடமிருந்து எப்போது வரும் என்று தெரியாது. ஐந்தொகையில் அது சொத்துப் பக்கம் கடனாளிகள் என்று அழகாக உட்கார்ந்திருக்கும். லாபம் இருப்பதுபோலத் தெரியும், கையில் காசு இருக்காது. இதை நாம் இரண்டாம் செமஸ்டரிலேயே படித்தோம். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை தாங்கும், டாக்டர் தம்பதி நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி தாங்காது. பணம் நிச்சயம் இந்தத் தேதியில் வரும் என்று தெரிந்தால், எதிர்ப்பில் பாதியாவது அன்றைக்கே அடங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

உரிமை ஏற்கெனவே இருக்கிறது

இன்னொன்று. அவசர சிகிச்சை ஏதோ புதிதாக ஒரு மாநிலம் கண்டுபிடித்த உரிமை இல்லை. 1989லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்கூட்டரில் போன ஒருவர் மேல் கார் மோதியது. கொண்டுபோன மருத்துவமனை, போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்குப் போங்கள் என்றது. வழியிலேயே உயிர் போய்விட்டது. அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்றது தீர்ப்பு.

1992ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு செய்து பிழைத்தார். 1996ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவது என்றது, நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றது.

ஆக உரிமை இருக்கிறது. ஆனால் அதை வாங்க ஒரு கூலித் தொழிலாளி உச்ச நீதிமன்றம் வரை, நான்கு வருடம் போராட வேண்டும். என் பெரியப்பா அன்றைக்குக் கவுன்டரில் நின்று 1996 தீர்ப்பைப் படித்துக் காட்டியிருக்க முடியுமா?

நாம் விதி எழுதத் தெரியாதவர்களா?

இல்லவே இல்லை. இதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நடைமுறையை எழுதுவதில் தமிழ்நாட்டை மிஞ்ச ஆள் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். 1994ல் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு கம்பெனி, 1995 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கு. மாவட்டக் கிடங்கில் வை. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துச் சோதனைக்கு அனுப்பு. தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் எவ்வளவு தொகை ஒதுக்கீடு என்று இருக்கும், மருந்து எடுக்க எடுக்கக் கழியும். நம் வங்கிப் பாஸ்புக் மாதிரியேதான்.

இதில் பெரிய முழக்கம் எதுவும் இல்லை. மேடைப் பேச்சுக்கு உதவாது. ஆனால் யார், எப்போது, எவ்வளவு என்பது ஒவ்வொரு படியிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிற்கிறது. 2011ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது நம் கழகத்தைப் பார்த்துத்தான் தங்களுக்கும் ஒரு கழகம் அமைத்தார்கள். நம்மிடமிருந்து நடைமுறையை அவர்கள் கற்றார்கள். அவர்களிடமிருந்து உரிமை என்ற சொல்லை நாம் கற்றுக்கொண்டால் என்ன? இரண்டும் சேர்ந்தால்தானே முழுசு.

நான் கேட்பது நான்கே நான்கு

தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அவசர சிகிச்சைக்கு ஒரு சட்டம் வேண்டும். அதில் இந்த நான்கும் இருக்க வேண்டும்.

ஒன்று, முக்கியமானதை விதிக்கு விட்டுவிடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும். 2005ன் தகவல் உரிமைச் சட்டம் ஏன் உடனே வேலை செய்தது? 30 நாளில் பதில், தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அதிகாரி கையிலிருந்து அபராதம் என்று சட்டத்திலேயே இருந்தது. யாருடைய விதிக்கும் காத்திருக்கவில்லை. ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. உயிர் பற்றிய தகவலுக்கே இப்படி மணிக்கணக்கில் கெடு வைத்து எழுத முடிந்தால், உயிருக்கு எழுத முடியாதா?

இரண்டு, பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். சேர்ந்த மருத்துவமனைகளுக்கு மட்டும் கடமை என்று இல்லாமல், எல்லோருக்கும் கடமை, அவரவர் வசதிக்கு ஏற்ற அளவு என்று இருக்க வேண்டும். பத்துப் படுக்கை உள்ள இடத்தில் மூளை அறுவை சிகிச்சை செய்யச் சொல்லவில்லை. ரத்தத்தை நிறுத்தி, மூச்சைக் காப்பாற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, அடுத்த இடத்துக்குப் பத்திரமாக அனுப்பினால் போதும். அந்த வேலைக்கான தொகையும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

மூன்று, பணம் வரும் நாள். சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006லிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. போல்ட்டு, நட்டு விற்றவருக்கு இருக்கும் பாதுகாப்பு, உயிரைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரிக்கு ஏன் கூடாது? கெடு தாண்டினால் வட்டி என்று எழுதுங்கள், கோப்பு தானாக நகரும்.

நான்கு, கேட்க ஓர் இடம். மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, ஒரு தொலைபேசி எண், ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் தமிழில் ஒரு பலகை. கேரளம் 2018ல் கொண்டுவந்த சட்டம் மருத்துவமனைகள் கட்டண விவரத்தை வெளியே வைக்கச் சொல்கிறது. அதை எதிர்த்த வழக்கில், 2025 நவம்பரில் அந்த மாநில உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, முன்பணம் இல்லை என்பதற்காக முதல் உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பக்கத்து வீட்டில் நடப்பது நம் வீட்டில் நடக்காதா?

"இதற்கெல்லாம் பணம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, நம் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. 48 மணி நேரத் திட்டத்துக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தில் வருடா வருடம் பணம் ஒதுக்கித்தான் நடத்தினார்கள். சட்டம் வந்தால் அந்தச் செலவு கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூடும் செலவு அடிபட்டவர் வீட்டு நகையிலிருந்தும் கந்து வட்டியிலிருந்தும் இன்றைக்கு எடுக்கப்படும் பணம்தான். யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் பேரேட்டில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

அடுத்த தடவை எந்தத் தலைவராவது மேடையில் ஏறி "மருத்துவம் உங்கள் உரிமை" என்று சொன்னால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும், "விதி எப்போங்க வரும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால், முக்கியமாக நம் வகுப்பில் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் இருவர் இருக்கிறீர்கள், கேன்டீனில் சண்டைக்கு வாருங்கள். டீ என் செலவு. அதற்கு மட்டும் கெடு கேட்க மாட்டேன் :-)